பன்றிகளுக்குக் குமட்டிய பலாப்பழம்

மலையடிவாரத்தில் ஒரு காட்டுப் பன்றிக் கூட்டம் இருந்தது. கோடையில் கிழங்கு கிடைக்காது. ஒற்றைப் பலா மரத்திலிருந்து விழும் பழம்தான் அத்தனை பேருக்கும் சோறு.

அந்தக் கூட்டத்தில் தொந்தியன் என்றொரு பன்றி. பங்கு என்றாலே அவனுக்கு வயிறு எரியும்.

"இருபது வாய்க்கு ஒரு மரமா? எனக்கே பத்தாதே!"

ஒரு நாள் பழுத்த பழத்தைப் பிளந்தான். மருக்காரைக் காயை மிதித்து நசுக்கி உள்ளே தள்ளினான். அதைத் தின்றால் குடலே வாய்க்கு வந்துவிடும்!

"வாங்க, வாங்க! இன்னிக்கு என் விருந்து!" என்று கூவினான்.

நேற்றுவரை ஒரு சுளைக்கு முட்டி மோதியவன் இன்று முழுப் பழம் தருகிறான். ஏன் என்று ஒரு மண்டையாவது கேட்டதா? ஓசி என்றதும் மூக்கை உள்ளே விட்டன, மூடங்கள்!

மூன்று நாள் வாந்தி. பிழைத்து எழுந்தன. ஆனால் அதன்பின் காற்றில் பலா வாசனை வந்தாலே குமட்டியது.

"நல்ல பழம் அக்கா, ஒரு வாய் தின்னுங்க!" என்று தலைவி சிலும்பாயியைச் சீண்டினான் தொந்தியன்.

"பேரைச் சொல்லாதேடா, பாவி!" என்று ஓடினாள் அவள்.

கூட்டம் காய்ந்த புல்லை மென்றது. விலா எலும்பு தெரிந்தது. தொந்தியனோ ஒரு மாதம் தனியாகத் தின்று கொழுத்தான். மூஞ்சி, பிடரி, கால் எல்லாம் பலாச்சாறு. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாசனை வந்தது.

அப்போதுதான் செந்நாய்கள் வந்தன.

செந்நாய் துரத்தினால் பன்றிகள் வட்டம் கட்டி நிற்கும். மாட்டியவனை நடுவில் விட்டுக் காக்கும். தொந்தியன் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா! வட்டம் கட்டுங்க! மருக்காரை போட்டது நான்தான், மன்னிச்சிருங்க!"

"நீதானா அது? சரி, மன்னிச்சுத் தொலைக்கிறேன், உள்ளே வா!" என்றாள் சிலும்பாயி. பன்றிகள் வட்டம் கட்டின.

அவன் உள்ளே நுழைந்தான். வாசனையும் நுழைந்தது.

உவ்வே! ஒன்று கக்கியது. இன்னொன்று கக்கியது. வட்டம் உடைந்தது; பன்றிகள் ஆளுக்கொரு புதருக்குள் பாய்ந்தன.

"அக்கா, விட்டுட்டுப் போகாதீங்க!"

"நான் மன்னிச்சிட்டேன்டா! என் வயிறு மன்னிக்க மாட்டேங்குதே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் சிலும்பாயி.

செந்நாய்களுக்குக் குமட்டவில்லை. அவற்றுக்குத் தொந்தியன் விருந்து வைத்ததில்லையே! அன்றுதான் வைத்தான்.

கூட இருப்பவர்களின் சோற்றைக் கெடுத்துத் தின்கிறவன், ஆபத்தில் அவர்கள் நடுவே தனக்கிருந்த இடத்தையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறான்.