அரண்மனை வாசலில் ஒரு கூடைச் சேறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் பிறந்தநாளன்று படகில் போக வேண்டும் என்று ஆசை வந்தது. ராஜாக்களுக்கு ஆசை வந்தால் மற்றவர்களுக்கு வேலை வந்துவிடும். அன்னத் தலை வைத்து, பட்டுத்துணி சுற்றி ஒரு படகு செய்தார்கள். அரண்மனையிலிருந்து ஒரு நாழிகை நடையில் இருந்த நெட்டேரியில் அதை இறக்கினார்கள். தை மாதம். அந்த வருடம் நல்ல மழை. ஏரி தளும்பும் என்றுதான் அரண்மனையில் எல்லோரும் நினைத்தார்கள்.

படகு நாற்பது முழம் போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டார்கள், சேறு கிளம்பியது. தள்ளினார்கள், இன்னும் ஆழமாகப் பதிந்தது. படகோட்டி இறங்கி நின்றான். தண்ணீர் அவன் முழங்காலைக்கூடத் தொடவில்லை. கடைசியில் ஒரு காவலன் ராஜாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான்.

கரையில் நின்ற சனம் சிரிக்கவில்லை. சிரித்தால் தலை போகும். ஆனால் சிரிப்பை அடக்குகிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று ராஜாவுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் அடக்குவதற்குச் சிரிப்பே இல்லாமல் நின்றவள் ஒருத்திதான். அவள் பெயர் காத்தாயி. அரசவை விகடக்காரி. நெட்டேரிக்குக் கீழே இருக்கும் ஊரில் பிறந்தவள். அந்த ஊரில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். ஓலை வாசிக்க அரண்மனையில் சேர்ந்து, வாய்த்துடுக்கால் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் வரைக்கும் போனவள். பக்கத்து ஆசனத்துக்குப் போனவளை யாருக்குப் பிடிக்கும்? மந்திரி திருமேனியாருக்குப் பிடிக்கவே பிடிக்காது. எட்டு வருடமாக அந்த ஏரி அவர் பொறுப்பில்தான் இருந்தது.

மறுநாள் அவையில் அவர் முந்திக்கொண்டார்.

"மன்னர் மன்னா, மழை பெய்தது. ஏரியில் நீர் இல்லை. அப்படியானால் ஏரிக்குக் கீழே இருக்கும் ஊரார் திருடிவிட்டார்கள் என்றுதானே பொருள்?"

"தண்ணீரைத் திருட முடியுமா, மந்திரியாரே?"

"கைதேர்ந்தவர்களால் முடியும், மன்னா. நம் காத்தாயியைக் கேட்டால் தெரியும். அவள் இனத்தார்தானே அங்கே இருக்கிறார்கள்."

ராஜாவுக்கு இன்னும் மார்பில் அந்தக் காவலனின் வியர்வை ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சிங்காசனத்தின் கையில் ஓங்கி அடித்தார்.

"பத்து நாள் தருகிறேன். அந்த ஏரியில் எனக்குச் சொந்தமானது எதெல்லாம் உண்டோ, அத்தனையையும் உன் ஊரார் என் வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தவறினால் ஊரைக் காலி செய்துகொண்டு என் எல்லைக்கு அப்பால் போய்விட வேண்டும்!"

திருமேனியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். போன தண்ணீரை யார் கொண்டுவர முடியும்?

காத்தாயி எழுந்தாள். "அத்தனையுமா, மன்னா?"

"அத்தனையும்."

"இந்த வாசலிலா?"

"இதே வாசலில்!"

"அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள். என் ஊரார் நான் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப மாட்டார்கள்."

அவையில் சிரித்தார்கள். அவள் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்ப மாட்டார்கள்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், எட்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

நெட்டேரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் ஒருநாள் பறை அடிப்பார்கள். ஏரித் தண்ணீர் பாயும் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் கூடையோடு வந்து சேறு அள்ள வேண்டும். பாதிச் சேறு கரையைப் பலப்படுத்தும். மீதி வயலுக்கு எருவாகப் போகும். எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லையோ, அந்த வீட்டு வாசலில் அன்று மாலை ஒரு கூடைச் சேற்றை வைத்துவிட்டுப் போவார்கள். திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் அந்தக் கூடையைத் தானே தலையில் தூக்கி, நடந்து போய்க் கரையில் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டால் முடிந்தது. மறுபடி அவரும் ஊரில் ஒருவர்.

அரண்மனைக்கும் அந்த ஏரியின் கீழே நிலம் இருந்தது. இவருடைய அப்பா பெரிய ராஜா இருந்தவரைக்கும் ஒரு வேலைக்காரனையாவது அனுப்பிவிடுவார். இவர் பட்டத்துக்கு வந்த வருடம் யாரையும் அனுப்பவில்லை. அன்று மாலை அரண்மனை வாசலில் ஒரு கூடைச் சேறு இருந்தது.

"அரண்மனை வாசலில் சேறா! ஊரையே கட்டிவைத்து அடியுங்கள்!" என்று கத்தினார் திருமேனியார்.

அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்த காத்தாயி, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "கோபம் வேண்டாம், மன்னா. நாட்டில் உள்ளதெல்லாம் தங்களுடையது. ஏரி தங்களுடையது என்றால் அதன் சேறும் தங்களுடையதுதானே? உடையவரிடம் பொருளை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசுவாசமான குடிகள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஊர் தப்பியது. அவளுக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. சிரித்து முடித்த ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரியாகச் சொன்னாள். ஏரி என்னுடையது. இனி அதை அரண்மனையே பார்த்துக்கொள்ளும். ஊரார் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மந்திரியாரே, இது உம் பொறுப்பு."

உள்ளதைச் சொல்வதானால், ஊரும் அன்று கொண்டாடத்தான் செய்தது. சேற்றில் இறங்க வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்? திருமேனியார் ஓர் அலுவலகம் கட்டினார். ஏரிக்கு அதிகாரி, அதிகாரிக்கு உதவி அதிகாரி, அவருக்குக் குடை பிடிக்க ஆள். வருடத்துக்கு ஒருமுறை கரைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஏரிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. வரத்துக் கால்வாய் தூர்ந்தது, மதகு மூடிக்கொண்டது, சேறு ஏறிக்கொண்டே வந்தது.

இதெல்லாம் காத்தாயிக்குத் தெரியாது. அதாவது, தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாழிகை நடைதான். அவள் நடக்கவில்லை.

இப்போது முத்திரை ஓலையை மடியில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஊரில் எழுபது வீடு. முப்பதுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அவளுடைய அக்கா தைலம்மை, கருகிப்போன நெற்பயிரை மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"வாங்க அரமனைக்காரவங்களே. வெயில்ல வந்திருக்கீங்க, நெறம் கொறஞ்சிடப் போவுது."

"அக்கா, பத்து நாள்ல ஊரக் காலி பண்ணணும்னு உத்தரவு போட்டிருக்காரு."

"அதுக்கு எதுக்குடி பத்து நாளு? பாதி ஊரு போயாச்சு. எம் மவன் பொண்டாட்டி ஊரோட போயி ரெண்டு வருசமாச்சு. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது.

"என்ன, வாயத் தொறக்க மாட்டேங்கிறே? வாயிலதான பொழப்பே ஓடுது ஒனக்கு."

"ஏரியில சேறு அள்ளணும் அக்கா. எல்லாரையும் கூப்பிடு."

தைலம்மை அரிவாளை வரப்பில் வைத்தாள். "மம்பட்டியோட உள்ள எறங்குனா பத்துக் கசையடி. கரையில கல்லுல வெட்டி வச்சிருக்கான். நீ படிச்சவதானே, போயி வாசிச்சுப் பாரு. அன்னிக்கு யாரு ஏரின்னு சொன்னே? ராசா ஏரின்னுதானே? அவரே வந்து அள்ளட்டும்."

"ஒங்களக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். அடிச்சிருப்பாங்க அக்கா."

"அடிச்சா முதுகு ஒரு மாசத்துல ஆறியிருக்கும், காத்தாயி."

அன்று ராஜாவிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: தூக்குங்கள். 'ஒரு கூடை, மன்னா. கரை வரைக்கும் தூக்கிக் கொட்டிவிட்டு வாருங்கள், முடிந்தது.' ராஜா கோபப்பட்டிருப்பார். வேலை போயிருக்கும். அவள் அதைச் சொல்லாமல் சிரிக்க வைத்தாள். சிரிக்க வைத்தது சுலபமாக இருந்தது.

"தப்புதான் அக்கா" என்றாள். பிறகு ஓலையை எடுத்து வாசித்துக் காட்டினாள்.

தைலம்மை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். "எதெல்லாம் உண்டோ அத்தனையுமா?"

"அத்தனையும்."

"சேறும் அவரோடதுதானே?"

"நாந்தானே சொன்னேன்."

"வாசல்லயே கொட்டணுமா?"

"முத்திரை போட்டிருக்கு."

தைலம்மை முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பறையைத் தேடிக்கொண்டு போனாள். எட்டு வருடமாக அடிக்காததில் அதன் தோல் விட்டுப்போயிருந்தது. ஒரு தாம்பாளத்தைத் தட்டினார்கள்.

முதல் நாள் பதினாறு பேர்தான் வந்தார்கள். இளவட்டங்களுக்கு எங்கே வெட்டுவது, எப்படிக் கை மாற்றுவது என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் மதகின் தலைக்கல் தெரிந்தது. ஓர் ஆள் உயரச் சேற்றுக்கு அடியில் இருந்தது அது. கல் தெரிந்ததும் மிச்ச ஊரும் வந்துவிட்டது. பிழைக்கப் போனவர்களில் சிலர் வண்டி மாட்டோடு திரும்பினார்கள்.

கரைக் காவலன் வழிமறித்தான். "ஏய், மண்ண எங்க கொண்டு போறீங்க?"

"ராசா வீட்டுக்கு" என்றாள் தைலம்மை.

"எதுக்கு?"

"அவரு கேட்டாரு. வேணும்னா போயிக் கேட்டுக்க."

முத்திரையைப் பார்த்ததும் அவன் ஒதுங்கிக்கொண்டான். கூடை கூடையாக, வண்டி வண்டியாக அரண்மனை வாசலில் இறங்கியது. ஏழாம் நாள் கதவு திறக்க முடியவில்லை. எட்டாம் நாள் பட்டத்து யானை வெளியே வர வழியில்லாமல் பிளிறியது. ஒன்பதாம் நாள் அந்தப்புரத்துக் கட்டிலில் ஒரு நண்டு ஏறியது. பத்தாம் நாள் காலையில் ராஜாவே மாடத்துக்கு வந்து, கீழே மலை மாதிரிக் குவிந்திருந்ததைப் பார்த்தார். குவியலின் மேல் காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு.

"இது ராஜத் துரோகம்!" என்றார் பக்கத்தில் நின்ற திருமேனியார்.

"ராஜ உத்தரவு" என்றாள் காத்தாயி, ஓலையை உயர்த்தி. "ஏரியில் மன்னருக்குச் சொந்தமானது எதெல்லாம் உண்டோ அத்தனையும், இந்த வாசலில். எட்டு ஆண்டுகள் மந்திரியார் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியது. ஒரு பிடிகூடக் குறைய விடவில்லை."

"நான் கேட்டது தண்ணீரை!" என்று கத்தினார் ராஜா.

"தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இதுதான் இருந்தது, மன்னா. இது இருந்ததால் அது நிற்கவில்லை. யாரும் திருடவில்லை. இன்னும் நிறைய இருக்கிறது, நாங்கள் ஒரு மூலையைத்தான் தோண்டியிருக்கிறோம். மிச்சத்தையும் இங்கேயே கொண்டுவரட்டுமா?"

ராஜா குவியலைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். திருமேனியாரின் வெள்ளை அங்கவஸ்திரத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும், போதும்! தோற்றேன், காத்தாயி! என்ன வேண்டும், கேள். முத்து மாலையா?"

"ஏரியை ஊரிடம் திருப்பிக் கொடுங்கள். கல்வெட்டை எடுத்துவிடுங்கள். அரண்மனைக்கு நிலம் இருக்கும்வரை, வருடத்துக்கு ஒருநாள் இங்கிருந்தும் ஓர் ஆள் கூடையோடு வர வேண்டும்."

"கொடுத்தேன்."

"இன்னும் ஒன்று. எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த வாசலுக்கு ஒரு கூடை வந்தது. அதைத் தாங்களே தூக்கிக் கரையில் கொட்ட வேண்டும். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு."

ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்துச் சிறுவாசல் வழியாக இறங்கி வந்தார். ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டார். சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. பத்தடி நடந்தார். "அடேயப்பா, என்ன கனம்!" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் திருமேனியார் தலைக்கு மாற்றினார். "மிச்சத்தை நீர் தூக்கும்." ஒரு நாழிகை நடை. பட்டு வேட்டியில் சேறு ஒழுக ஒழுக மந்திரி நடந்தார். ஊரே பின்னால் சிரித்துக்கொண்டு போனது. காத்தாயிக்கு மட்டும் அந்தப் பத்தடி கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடுத்த மழையில் தோண்டிய மூலையில் தண்ணீர் நின்றது. மதகுக்குக் கிட்டே இருந்த வயல்கள் விளைந்தன. தள்ளியிருந்தவை விளையவில்லை. பூட்டிய வீடுகளில் பாதி திறந்தன. தைலம்மையின் மகன் வரவில்லை. அங்கேயே நிலம் பிடித்துவிட்டானாம்.

மறு கோடையில் ஊரில் பறை அடித்தார்கள். அரண்மனையிலிருந்து ஒரு வேலைக்காரன் போனான்; காத்தாயியும் வருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து நாட்டு விருந்தாளிகள் அரண்மனைக்கு வந்திருந்தார்கள். "காத்தாயி, அந்தச் சேற்றுக் கதையைச் சொல்லு!" என்றார் ராஜா. சொன்னாள். நண்டு ஏறிய இடத்தில் விருந்தாளிகள் புரையேறச் சிரித்தார்கள். "இன்னொரு தடவை!" என்றார் ராஜா. இன்னொரு தடவையும் சொன்னாள். முத்து மாலையையும் கழுத்தில் போட்டு அனுப்பினார்கள்.

பொழுது சாய, அரண்மனைத் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஒரு கூடைச் சேறு இருந்தது. கூடையின் விளிம்பு முடைந்திருந்த விதத்திலேயே அது அக்காவின் கை என்று தெரிந்தது.

வேலைக்காரி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "யாரோ அசிங்கம் பண்ணிட்டுப் போயிருக்காங்கம்மா. கழுவி விட்டுறட்டா?"

"தொடாதே" என்றாள் காத்தாயி. "அது எனக்கு வந்தது."

மாலையைக் கழற்றி நிலைப்படியில் வைத்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார் என்று இந்தக் கதையை முடிக்கிறவர்கள் அப்படியே முடித்துக்கொள்ளட்டும். அவள் ஒரு நாழிகையும் நடந்தாள். பத்தடியில் யார் தலைக்கும் மாற்றவில்லை.