பாதி மீசையில் பட்டம் போன கதை

மூக்குத்திமலை ராஜாவுக்கு வயதாகிவிட்டது. பட்டம் மூத்தவன் நன்மாறனுக்குத்தான். ஆனால் அவனோடு வேட்டைக்குப் போன தம்பி வல்லரையன் தனியாகத் திரும்பி வந்து, "அண்ணனைப் புலி தின்னுடுச்சே!" என்று தரையில் புரண்டு அழுதான். அவ்வளவு புரண்டும் மீசை முறுக்கு மட்டும் கலையவில்லை.

முடிசூட்டுக்கு நாள் குறித்தாயிற்று. சபை நடுவே நாவிதன் மாசிலானைக் கூப்பிட்டான் வல்லரையன். "மீசையோட ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிக்கணும். பழம் விழுந்தா உன் தலையும் விழும்!"

"ஆகட்டும் சின்னராஜா. ஆனா அண்ணன் செத்தா தம்பி மீசையை எடுத்த பிறகுதானே நம்ம நாட்டுல கிரீடம்?"

கிழராஜா ஆமாமென்று தலையாட்டினார். வல்லரையன் வாயைத் திறப்பதற்குள் இடப்பக்க மீசை மடியில் விழுந்தது.

"நிறுத்துடா பாவி!" என்று அலறினான். "உயிரோட இருக்கிறவனுக்காக எவனாவது மீசையை எடுப்பானா?"

கிழராஜா சட்டென்று எழுந்து நின்றார்.

மாசிலான் கத்தியை வலப்பக்கம் கொண்டுபோனான். "மூத்தவரை எங்கே அடைச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டா, ஒரு பழம் நிக்கவாவது இடம் மிஞ்சும் சின்னராஜா."

"பழைய யானைக் கொட்டடியில!" என்றான் வல்லரையன், மிச்ச மீசையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.