வெறுமேனி பூசிக்கொண்ட வரிகள்

அந்தக் காலத்தில், தேரிக்காட்டுச் செம்மணலில் ஊர்வனவும் பறப்பனவும் மனுசரைப் போலவே பேசி, மனுசரைப் போலவே கடை வைத்துப் பிழைத்துக் கிடந்த நாளில், ஒரு பாம்பு இருந்தான். உடம்பில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. காய்ந்த பனையோலை நிறம். அதனால் அவனுக்கு வெறுமேனி என்றே பெயர். பல்லில் விஷமும் இல்லை. இடி இடித்தால் வாலைச் சுருட்டித் தலைக்கு மேல் வைத்துக்கொள்வான், அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி.

அவன்தான் காவல் கடை வைத்தான்.

உடைமரத்தடியில் முட்டையிட்டிருந்த காடை அவனைக் கூப்பிட்டாள். "ஏ தம்பி, நான் இரை பொறுக்கப் போனா உடும்பு வந்து முட்டையைக் குடிச்சிட்டுப் போயிருதான். போன தடவை ஒண்ணுகூட மிஞ்சல. நீ எங்கயும் சும்மா சுருண்டுதான கிடக்க? எம் முட்டையைச் சுத்திச் சுருண்டு கிட. குஞ்சு பொரிக்கட்டும், பல்லி மொய்க்கிற பாறை ஒண்ணு காட்டுதேன்."

அதுவரை அவனை நம்பி ஒருத்தரும் ஒரு துரும்பைக்கூடக் கொடுத்ததில்லை. வெறுமேனி முட்டைகளை ஒரு தடவை சுற்றி வந்தான். தலையை ஆட்டினான்.

முதல் நாளே உடும்பு வந்துவிட்டான். நாக்கை நீட்டிக் காற்றை நக்கினான்.

"யாருடே இது, முட்டைக்குக் கயிறு கட்டி வச்சிருக்கது?"

"காவல் கடை," என்றான் வெறுமேனி.

"கடைன்னா ஒரு அடையாளம் வேண்டாமா? மீன்கொத்தி கடைக்கு நீலம், மரங்கொத்தி கடைக்குச் செங்கொண்டை. உன்னைப் பாத்து நான் எதுக்குடே பயப்படணும்? இப்ப வயிறு நிறைஞ்சு கிடக்கு. நாளைக்குப் பொழுது சாய வாரேன். முட்டையையும் குடிப்பேன், கயித்தையும் முழுங்குவேன்."

மறுநாள் விடிந்து, காடை அடைக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து வெறுமேனி பச்சோந்தியிடம் ஓடினான். தேரிக்காட்டில் யார் கடைக்கும் அடையாளம் எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். ஒரு கண்ணால் ஆளைப் பார்ப்பார், மறு கண்ணால் அவன் வந்த வழியைப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு அடையாளம் வேணும். பாத்தவுடனே குலை நடுங்கணும்."

பச்சோந்தி அவசரப்படவில்லை. "உமக்கு என்ன தொழில்? யாரு உம்மைத் தேடி வருவா? வாரவ மனசுல முதல்ல என்ன தோணணும்?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். கேட்டுவிட்டு மணலில் ஒரு சுருள் போட்டார், நடுவில் ஒரு முட்டை. "இது உம்முடையது. வேற யாருக்கும் பொருந்தாது."

வெறுமேனி பார்த்தான். அழகாய்த்தான் இருந்தது. "இதைப் பாத்து உடும்பு பயப்படுவானா?"

"இன்னைக்குப் பயப்பட மாட்டான். நீர் ரெண்டு தடவை முட்டையைக் காப்பாத்தினா, மூணாந்தடவை இதைப் பாத்தே திரும்பிப் போவான். அடையாளத்துக்கு உயிரு பழக்கத்துலதான்யா வரும்."

"அவன் இன்னைக்குப் பொழுது சாய வாரான் அண்ணாச்சி!"

பச்சோந்தியின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. அது அடிக்கடி நடக்காது. "ஒரே நாள்ல பயம் காட்டுத அடையாளம் இந்தத் தேரியில ஒண்ணுதான் இருக்கு. அது கட்டுவிரியனுக்குள்ளது. அதைக் கேக்காதீரும்."

"அதையே போடும்."

வேண்டாம் என்றார். கெஞ்சினான், அழுதான். கடைசியில் சங்கைச் சுட்ட சுண்ணாம்பில் உடைமரப் பிசினைக் குழைத்தார். காய்ந்தால் சட்டை உரித்தாலும் போகாத பூச்சு அது. கழுத்தில் தொடங்கினார். வெள்ளை வெளேரென்று முதல் வரி, அடுத்தது, அதற்கடுத்தது. நடு உடம்புக்கு வரும்போது சருகு சலசலத்தது.

கட்டுவிரியன் வந்து நின்றான். கறுத்த மேனி, வால் நுனி வரைக்கும் பால் வரி. அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. மெதுவாய் வெறுமேனியின் முகத்துக்கு நேரே தலையைக் கொண்டுவந்தான்.

"நல்லா இருக்கு. வச்சுக்கோ."

"அண்ணே, நான்..."

"நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆனா என் வரியைச் சுமக்கிறவன் என் பகையையும் சுமக்கணும். அதை எவனும் எடுத்து இறக்க முடியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். பச்சோந்தி பயத்தில் மீதி வரிகளை அவசர அவசரமாய் இழுத்தார். பிசினும் இறுகிவிட்டது. போகப் போக வரி மெலிந்து, வால் பக்கம் புகையாய் மங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று.

பொழுது சாய்ந்தது. காடை இரைக்குப் போனாள். அவள் போன பிறகுதான் வெறுமேனி வந்து முட்டையைச் சுற்றிச் சுருண்டான். புதரை விலக்கி உடும்பு எட்டிப் பார்த்தான். முட்டையைச் சுற்றி வெள்ளை வரி. அடுத்த நொடி மணல் பறக்க ஓடினான்.

வெறுமேனிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காடை வந்ததும் சொல்ல வேண்டும் என்று தலையைத் தூக்கிக் காத்திருந்தான்.

வந்த காடை வீறிட்டாள். "ஐயோ, கட்டுவிரியன்! எம் முட்டை மேல கட்டுவிரியன்!"

"அம்மா, நான்தான். வெறுமேனி. உங்க காவல்காரன்."

"அவனையும் முழுங்கிட்டியாடா பாவி! அவன் குரல்லயே பேசுதியே!"

அவள் பறந்துபோனாள். பக்கத்துப் பனையிலிருந்து இறங்கிய பனையேறி அந்தக் கூச்சல் கேட்டு ஓடிவந்தார். வரியைப் பார்த்தார், கம்பை ஓங்கினார். வெறுமேனி வாலை வாலை நீட்டிக் காட்டினான்: பாருங்கள், இங்கே ஒன்றுமில்லை, நான் அவன் இல்லை. கம்பு அவன் தலைக்கு ஒரு விரல் தள்ளி மணலில் இறங்கியது.

உயிர் பிழைக்க ஓடியவன் பக்கத்திலிருந்த அவர் குடிசைச் சுவர் வெடிப்புக்குள்ளேயே போய் ஒடுங்கினான். வெளியே ஆட்கள் கம்போடு தேடினார்கள். அவர்கள் சத்தம் ஓய்ந்த பிறகு வேறொரு சத்தம் கேட்டது. உடைமரத்தடியில், ஆளில்லாத கடையில், உடும்பு ஒவ்வொரு முட்டையாய் உடைத்துக்கொண்டிருந்தான். வெறுமேனி கேட்டுக்கொண்டே கிடந்தான். வெளியே போக முடியவில்லை.

காடை திரும்பவில்லை. மணலில் எழுதிய சுருளையும் முட்டையையும் காற்று மூடிவிட்டது.

அன்றையிலிருந்துதான் வெள்ளிக்கோல் வரையன் என்று நாம் சொல்லும் அந்த விஷமில்லாப் பாம்பு, சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் ஒளிந்து, பல்லியைத் தின்று பிழைக்கிறது. கழுத்தில் பளிச்சென்று தொடங்கும் அதன் வரி வாலுக்குப் போகப் போக மங்கித்தான் போகும். ஆனால் கம்பை ஓங்கினவர் யார் வால் வரைக்கும் பார்க்கிறார்?