சூரியனுக்கு உத்தரவு போட்டவன்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, செம்பாறை நாடுன்னு ஒரு நாட்ட இளஞ்சேந்தன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தாரு. அந்த அரண்மனையில ஒரு வழக்கம். தினம் விடியறப்ப கட்டியக்காரன் குப்பாண்டி கோட்டை மேல ஏறி, "சூரியனே, ராசா உத்தரவு, உதிச்சு வா"ன்னு கூவணும். சூரியன் வந்துரும். குப்பாண்டி எறங்கிப் போய்க் கஞ்சி குடிப்பான். இத்தனை சுளுவான உத்தியோகம் உலகத்துலயே கெடையாது.

ராசா அதை நெசம்னே நம்பிட்டாரு. அதான் வம்பாப் போச்சு. அரசிக்குக் காய்ச்சல் கண்டப்ப, சாவு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. அது மிதிச்சிருச்சு.

அன்னையிலேர்ந்து ராசா கட்டிலவிட்டு எறங்கல. என் சொல்லுக்கே மதிப்பில்லைன்னா நான் எதுக்கு இருக்கேன்னு சொவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தாரு.

அமைச்சர் வல்லபருக்குக் குப்பாண்டி வாயக் கண்டாலே ஆகாது. அந்த வேலை தன் மச்சானுக்கு வேணும் வேற. "எல்லாம் உங்க சொல்லக் கேக்கும் மகாராசா. இவன்தான் ஒழுங்காக் கூவல"ன்னு போட்டுக்கொடுத்தாரு. ராசா குப்பாண்டியக் கூப்பிட்டு, என் உத்தரவுக்குக் கட்டுப்படற ஒண்ணே ஒண்ணை நாளைக்குள்ள காட்டு, இல்லைன்னா நாட்டவிட்டுப் போன்னுட்டாரு.

வீட்ல பொண்டாட்டி நெறமாசம். எங்க போறது?

மறுநா குப்பாண்டி, அரசி வளத்த யானைக்குட்டிய ஒரு சட்டி சோத்தோட ராசா கட்டில்கிட்டயே ஓட்டிட்டு வந்துட்டான். அரசி போனதுலேர்ந்து பாகன் கொடுத்த சோத்துக் கவளத்த அது சரியாத் தொடல. எலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சு.

"தின்னச் சொல்லி உத்தரவு போடுங்க மகாராசா."

போட்டாரு. குட்டி மொகத்தத் திருப்பிக்கிச்சு. வல்லபர் மீசைக்குள்ளயே சிரிச்சு, இவன் மூட்டை கட்டலாம்னாரு.

"இருங்க சாமி. இன்னும் ஒண்ணுகிட்ட மகாராசா சொல்லிப் பாக்கல"ன்னான் குப்பாண்டி.

"எதுகிட்ட?"ன்னாரு ராசா.

"உங்க கைகிட்ட."

ராசா தன் கையப் பாத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அது எந்திரிச்சுது. சோத்த உருட்டி நீட்டுச்சு.

"இதையும் தின்னலைன்னா?"ன்னாரு ராசா.

"திங்கறதும் திங்காததும் அது இஷ்டம். நீட்டறது நம்ம வேலை. அரசியம்மா இப்படித்தான் நீட்டிக்கிட்டே நிப்பாங்க. உத்தரவு போட்டு ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

கை கடுக்கற வரைக்கும் ராசா நீட்டிக்கிட்டே இருந்தாரு. குட்டி மொதல்ல அவரு வெரல மோந்துச்சு. அப்புறம் பாதிக் கவளத்த முழுங்குச்சு. மீதிய ராசா மேலயே துப்புச்சு. ராசா சிரிச்சாரு. அழுதாருன்னும் சொல்லலாம்.

குப்பாண்டிக்கு வேலை தப்பிச்சுது. பொறக்கப்போற புள்ளைக்குத் தொட்டிலும் அரண்மனையிலேர்ந்தே போச்சு. வல்லபருக்கும் ஒரு வேலை கெடச்சுது. சாயங்காலம் மேக்கு வாசல்ல நின்னு, மறையாதேன்னு சூரியனுக்கு உத்தரவு போடணும். அது கேட்ட அன்னைக்கு அவைக்குத் திரும்பலாம்.

அடுத்த நா விடியறப்ப, குப்பாண்டி என்னத்தக் கூவப் போறான்னு ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு. அவன் கோட்டை மேலேர்ந்து கூவினான்:

"சூரியன் அது பாட்டுக்கு வந்தாச்சு. நம்ம ராசாவும் எந்திரிச்சாச்சு, கவளம் உருட்டப் போயிருக்காரு."