கப்கேக்கில் ஒரு ரோடு

நாமக்கல்லில் ஒரு பேக்கரி. அங்கே கேக்குக்கு மேல் பூவும் பொம்மையும் போடும் மாஸ்டர் கோகிலவாணிக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் படித்த ராக்கியண்ணனுக்கு ஐம்பத்தாறு. வயதுப் பொருத்தம் பார்க்க இதென்ன கல்யாணமா? தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர், அவ்வளவுதான்.

ராக்கியண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒருநாள் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஏன் என்று மாஸ்டர் கேட்டதில்லை. கிரீம் பையைப் பிடித்தால் கை ஆடவில்லை, அது போதும் என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று வந்தது ஒரு பிறந்தநாள் ஆர்டர். ஒன்பது வயதுப் பையன். கார் ரேஸ் வீடியோ கேம் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாமாம். இருபத்து நான்கு கப்கேக்குகளை ஒட்டி அடுக்கினால், மேலே வளைந்து வளைந்து ஒரு ரோடு ஓட வேண்டும். ரோட்டில் சர்க்கரையில் செய்த ஐந்து கார்கள்.

ராக்கியண்ணன் ரோடு போட்டார். கறுப்பு கிரீமில் தார், நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் புல். கொல்லிமலை வளைவெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு ரோடு.

மூன்று மணிக்கு ஆர்டர் எடுக்க ஆள் வந்துவிடும். இரண்டரை ஆகியும் கார்கள் தட்டிலேயே இருந்தன.

"காரை வைக்கலீங்களாண்ணா?"

"நீங்களே வச்சுடுங்க மாஸ்டர். என்னால ஆகாதுங்க."

"ஏனுங்க?"

ராக்கியண்ணன் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"ராசிபுரம் ரோட்டுல ஒருத்தரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு குறுக்க வந்தாருங்க. பால்காரரு. லாரிய ஏத்திட்டேன். அங்கயே போயிட்டாரு."

"ம்."

"வண்டில பிரேக் சரியில்லைன்னு கோர்ட்டுல என்னய விட்டுட்டாங்க. ஆனா நான் பிரேக்க மிதிக்கவே இல்லீங்க மாஸ்டர். ஹார்ன்லதான் கைய வச்சேன். ஒதுங்கிக்குவாருன்னு நெனச்சேன்."

"இத வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"இப்பத்தான் சொல்றேன்."

அவர் அழுதார். வயதான ஆண் ஒருவர் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அந்தப் பையனுக்கென்ன, கேம்ல மோதுனா ஒரு பட்டன அமுக்கிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஓட்டலாம். எனக்கு அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் சொல்லவில்லை. வெள்ளை கிரீம் பையைக் கையில் எடுத்தார்.

"எந்த எடமுங்க?"

ராக்கியண்ணன் மூன்றாவது வரிசையில், வளைவு முடியும் கப்கேக்கைக் காட்டினார். யோசிக்கவே இல்லை. பால்காரர் குறுக்கே வந்த இடம் அதுதான் என்று காலையில் அதைப் போடும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

மாஸ்டர் அந்தக் கேக்கின் மேல், ரோட்டுக்குக் குறுக்கே ஐந்து வெள்ளைப் பட்டைகள் போட்டார். ஆட்கள் ரோட்டைத் தாண்டும் இடத்தில் போட்டிருக்குமே, அது மாதிரி.

"இப்ப காரை வைங்க."

ராக்கியண்ணன் சிவப்புக் காரை எடுத்தார். பட்டைக்கு ஒரு விரல் முன்னால் காரை வைத்தார். மற்ற நான்கையும் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் நின்றன.

வெளியே ஆர்டர் எடுக்க வந்தவரின் குரல் கேட்டது. கூடவே அந்தப் பையனும் வந்திருந்தான்.

ராக்கியண்ணன் பெட்டியை மூடப் போனவர் நின்றார்.

"ரோட்டுல யாருமே இல்லையே, காரு எதுக்கு நிக்குதுன்னு பையன் கேட்டா என்னங்க சொல்றது?"

"ஒருத்தரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றாரு, அவரு தாண்டிக்கட்டும்னு சொல்லுங்க."