இருதயராஜின் சக்கரம்

கோவைக்கு வெளியே, அமில பம்புகளுக்குப் பீங்கானில் சுழல் சக்கரம் செய்யும் பட்டறை ஒன்று. குரு தமயந்திக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் குழந்தைவேலுவுக்கு நாற்பத்தாறு. அங்கே வயதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளப்பார்கள்.

வேலை இதுதான். கணினியில் வரைந்த அச்சை, இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி ஏடு ஏடாக அடுக்கி ஒரே நாளில் கட்டிவிடும். அதில் பீங்கான் கூழை ஊற்றி, உலர்த்தி, அச்சைப் பிரித்துச் சூளையில் வைப்பார்கள். வேகும்போது சக்கரம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே அச்சைப் பெரிதாக வரைய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவர் குழந்தைவேலுதான்.

ஒரு வேலையைப் பார்த்து தமயந்தி "ம்" என்றால் அது பாராட்டு. உடன் வேலை செய்யும் இருதயராஜுக்கு அந்த வாரம் இரண்டு "ம்" கிடைத்தது. குழந்தைவேலுவுக்கு ஒன்று, அதுவும் டீ வேண்டுமா என்று அவர் கேட்டபோது.

புதுச் சூளை ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதன் பொறுப்பு இருவரில் ஒருவருக்கு.

"மேடம், அவனுக்கு என்னைவிட அப்படி என்னங்க தெரியும்?"

இருதயராஜ் செய்து முடித்திருந்த சக்கரத்தை எடுத்து தமயந்தி குழந்தைவேலுவின் கையில் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்கண்ணா. மாசக் கடைசியில பம்புல மாட்டிப் பாத்துடலாம். மாட்டுச்சுன்னா சூளை உங்களுக்கு."

குழந்தைவேலு அந்தச் சக்கரத்தை மூன்று நாள் கீழே வைக்கவில்லை. ஸ்கேனரில் ஏற்றி, முடியளவு பிசகாமல் படியெடுத்தார். எங்காவது தப்பு விட்டிருக்கிறானா என்று பூதக்கண்ணாடியிலும் பார்த்தார். இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அச்சு அப்படியே அந்த அளவில் வந்தது. ஊற்றினார், உலர்த்தினார், சுட்டார்.

மாதக் கடைசியில் அவர் சக்கரம் பம்பின் தண்டில் ஏறவில்லை. துளை சிறியது. இருதயராஜின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால், அது போட்ட குட்டி போல இருந்தது.

"என்னங்ண்ணா, இது இனிமேத்தான் வளருமா?" என்று கேட்டுவிட்டுப் போனான் இருதயராஜ்.

குழந்தைவேலு அவன் போகும்வரை காத்திருந்தார்.

"சுருங்கும்கறதையே மறந்துட்டனுங்க மேடம். பன்னெண்டு வருசத்துல ஒருக்காலும் மறந்ததில்லீங்க."

"என்ன நெனப்புல இருந்தீங்க?"

"அவனோடது கையில இருந்துச்சுங்களே. அதையேதான் பாத்துட்டிருந்தேன்."

தமயந்தி அவரை உலர்த்தும் அறைக்குக் கூட்டிப்போனார். பலகையில், இன்னும் சுடாத சக்கரம் ஒன்று. சாக்பீஸ் நிறம், விரல் பட்டால் உதிரும். மறுநாள் இருதயராஜ் சூளையில் வைக்க வேண்டியது. குழந்தைவேலு தொடாமல் சாண் விரித்துப் பார்த்தார். எட்டவில்லை.

"இவ்வளவு பெருசுங்களா?"

"சூளை இனி அவர் பொறுப்பு. நாளைக்கு இதை உள்ள வெக்கறப்ப உங்களைக் கூப்பிடச் சொல்றேன்" என்றார் தமயந்தி. "வெந்து முடிஞ்சதைப் பாத்து வேண்டாம். வந்து நின்னு, அப்பப் பொறாமைப்படுங்கண்ணா."