ஆயுத பூஜையன்னிக்கு மகராசி மக்கர் பண்ணின கதை

போர்வைய இழுத்துக்கோ. காலை ஆட்டாத, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. நடுநடுவுல ம் கொட்டணும், இல்லேன்னா பெரியம்மா பாதியிலயே நிறுத்திட்டுப் போயிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கார் இருந்துச்சாம். கிழட்டுக் கார். தவளைக் கண்ணாட்டம் ரெண்டு லைட்டு, உடம்பெல்லாம் கரும்பச்சை. பேரு மகராசி. அந்தப் பேர வெச்சது டாக்சி டிரைவர் அங்கமுத்து. அவருக்கு ஒரே பொண்ணு, செண்பகவல்லி. எல்லாரும் செம்பான்னுதான் கூப்பிடுவாங்க. மத்த புள்ளைங்க சொப்பு வெச்சு விளையாடுறப்போ இவ பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிப்பா. அவள மாதிரி ஒருத்திய நான் கேள்விப்பட்டதே இல்ல, சொல்லிட்டேன்.

"ம்."

அப்புறம் என்னாச்சு, அங்கமுத்துவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. "இந்த ஆயுத பூஜையில இருந்து மகராசிய நீதான் ஓட்டணும் தாயி"ன்னு செம்பாகிட்ட சொல்லிட்டாரு. அவளுக்குச் சந்தோஷத்துல சோறே எறங்கல. ஆனா குழந்தைவேலுன்னு அவளுக்கு ஒரு தாய்மாமன் இருந்தாரு. அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. "பொட்டப்புள்ள டாக்சி ஓட்டுறதாவது. எம் பையன் சும்மாதான இருக்கான், அவன் ஓட்டட்டும் மச்சான்"னாரு. சும்மா இருக்குறவனுக்கு வண்டியத் தூக்கிக் குடுக்கணுமாம், நியாயத்தப் பாரு.

அப்போ ஆயுத பூஜையும் வந்துச்சு. மகராசியக் கழுவித் தொடச்சு, வாழக்கன்னு கட்டி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சாங்க. நாலு சக்கரத்துக்கும் முன்னாடி நாலு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்து பழத்த நசுக்கினாத்தான் பூஜை முடிஞ்ச கணக்கு. அதுவும் ராகுகாலம் வர்றதுக்குள்ள. செம்பா புதுச்சேலை கட்டிக்கிட்டு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து சாவியத் திருகினா.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

அவ்வளவுதான். இன்ஜின் புடிக்கல. மறுபடியும் திருகினா. கிர்ர்ர்... கிர்ர்ர்... ம்ஹூம்.

"பார்த்தியா மச்சான், வண்டிக்கே இவ ஓட்டுறதுல இஷ்டமில்ல. ராகுகாலத்துக்குள்ள கெளம்பலேன்னா சாவி எம் பையனுக்கு"ன்னாரு மாமன். அங்கமுத்து சகுனத்துக்குப் பயந்த மனுஷன். முகம் வெளிறிப்போச்சு. "சரிப்பா"ன்னுட்டாரு. பெத்த அப்பனே சரின்னுட்டா அந்தப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்.

"அழுதாளா பெரியம்மா?"

அழல. உன்னாட்டம்னு நினைச்சியா? முந்தானைய இழுத்து இடுப்புல செருகினா, பானெட்டத் தொறந்தா. கண்டதையும் கழட்டிப் போடல பாரு, அங்கதான் அவ கெட்டிக்காரி. மொதல்ல லைட்டப் போட்டுப் பார்த்தா. பளிச்சுனு எரிஞ்சுது. "லைட்டும் எரியுது, இன்ஜினும் கிர்ருனு சுத்துது. அப்போ பேட்டரி மேல குத்தம் இல்ல"ன்னா.

அப்புறம் இன்ஜினுக்குள்ள பெட்ரோலப் பத்த வெக்குற பிளக்குல ஒண்ணக் கழட்டினா. மோந்து பார்த்தா பெட்ரோல் வாசனை. "பெட்ரோல் வருது. நெருப்பு வருதா?" அந்தப் பிளக்க வயரோட இன்ஜின் இரும்பு மேல சாய்ச்சு வெச்சுட்டு, "அப்பா, சாவியத் திருகுங்க"ன்னா. கிர்ர்ர்... ஒரு பொறி கூட இல்ல. "நேரமாகுதும்மா"ன்னாரு மாமன், கடிகாரத்தப் பார்த்துக்கிட்டே. செம்பா காதுலயே போட்டுக்கல.

"ம்..."

தூங்கிட்டியா? இல்லயா, சரி. மூணாவதா, நெருப்ப உண்டாக்குற 'காயில்'னு ஒரு டப்பா இருக்கு, அதுல இருந்து ஒரு தடிச்ச வயர் வரும், அதப் புடுங்கி நுனிய இரும்புகிட்ட காட்டினா. "திருகுங்கப்பா." கிர்ர்ர்... பளிச், டப். பளிச், டப். நீலமா நெருப்பு துள்ளுச்சு. செம்பாவுக்கு இப்பத்தான் சிரிப்பு வந்துச்சு. "நெருப்பு பொறக்குது. பிளக்குக்குத்தான் வந்து சேரல. நடுவுல எவனோ தின்னுடுறான்"னா.

நடுவுல என்ன இருக்கு? டிஸ்ட்ரிபியூட்டர். பந்தியில பரிமாறுறவங்க மாதிரி நாலு பிளக்குக்கும் நெருப்ப வரிசையாப் பங்கு வெக்குற டப்பா. ரெண்டு கொக்கியையும் டக் டக்னு நெம்பி மூடியத் தூக்கினா.

உள்ள பார்த்தா சந்தனம். கொழகொழன்னு ஈரச் சந்தனம், அது மேல குங்குமம். வர்ற நெருப்பெல்லாம் அந்த ஈரத்துல ஏறி இரும்புக்குள்ள ஓடிப்போயிட்டு இருந்திருக்கு.

செம்பா நிமிந்து பார்த்தா. அங்கமுத்து பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்தாரு. மெதுவா, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு: "நான்தான் தாயி. வருஷா வருஷம் பானெட்டு மேலதான் வெப்பேன். இந்த வருஷம் நீ ஓட்டப்போறியே. நெருப்பு போற எடத்துலயே சாமி உக்காந்து உன்னக் காப்பாத்தட்டும்னு வெச்சேன். எவ்வளவு அப்பினேன்னு கண்ணு தெரியல."

அப்போ மாமன் அங்க இருந்தே, "என்ன கோளாறாம்?"னு சத்தம் போட்டாரு.

"கொஞ்சம் ஈரம் மாமா. தொடச்சாச் சரியாப்போயிரும்"னா செம்பா. அப்பனக் காட்டிக்குடுக்கல பாரு. இதுக்குத்தான் எனக்கு அவளப் புடிக்கும்.

அப்புறம் அந்தச் சந்தனத்துல இருந்து விரலால ஒரு பொட்டு எடுத்து, தன் நெத்தியில வெச்சுக்கிட்டா. "இனிமே இங்க வெச்சா போதும்ப்பா. வண்டி எங்கூடத்தான வருது." அங்கமுத்து தோள்துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

செம்பா மூடியையும் டப்பாவையும் துணியால சுத்தமாத் தொடச்சா, உஃப் உஃப்னு ஊதிக் காய வெச்சா, மாட்டினா, பிளக்கையும் வயரையும் அதது எடத்துல சேத்தா. சாவி. கிர்ர்... டுர்ர்ர், டுபு டுபு டுபு டுபு. பச், பச், பச், பச். நாலு பழமும் நசுங்கிப்போச்சு, ராகுகாலம் இன்னும் தெருமுனை கூடத் தாண்டி வரல. மாமன் ஒதுங்கி வழி விட்டாரு.

அங்கமுத்து பழக்கத்துல டிரைவர் கதவுப் பக்கம் வந்தாரு. கைப்பிடியில கை வெச்சுட்டாரு. அப்புறம் கையை எடுத்துட்டு, வண்டியத் தடவிக்கிட்டே சுத்தி வந்து, பின்னாடி சீட்டுல ஏறி உக்காந்தாரு. அத்தன வருஷத்துல அவரு அந்த சீட்டுல உக்காந்ததே இல்ல.

"எங்கங்க போகணும்?"னு கேட்டா செம்பா, சவாரிகிட்ட கேக்குற மாதிரி.

"நீ ஓட்டு தாயி, நான் சும்மா உக்காந்து வரேன்"னாரு.

"..."

வண்டி ஷெட்டுக்குப் போச்சு, கதையும் கூடவே போச்சு. நீ தூங்கு சாமி.